இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?
பழைய பெரிய புத்தகங்களைக் குழுவில் படிப்பதும் பேசுவதும்



நம்ம குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு, உறுதிமொழி, வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் வசூல், புதுக் கடன் மனு, தீர்மானம், கையெழுத்து. கையெழுத்து முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடி விடுவோம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், ராத்திரிக்கு உலை வைக்கணும். எல்லாம் நியாயமான அவசரம்தான்.

ஆனால் நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் கடைசியில் ஒரு இருபது நிமிடம் கூடுதலாக உட்காருகிறார்கள். "இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க? அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்கிறார்கள். அதுவும் சும்மா வாரப் பத்திரிகை இல்லை. சிலப்பதிகாரம், திருக்குறள், புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் என்று பெரிய பெரிய பெயர்கள். இது எப்படி நடக்கிறது, இதனால் நமக்கு என்ன, நீங்களும் தொடங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

பெரிய புத்தகம் என்றால் என்ன?

பக்கம் அதிகம் உள்ள புத்தகம் என்று அர்த்தம் இல்லை. எழுதியவர் போன பிறகும், அந்தக் காலம் போன பிறகும், திரும்பத் திரும்ப ஜனங்கள் எடுத்துப் படிக்கிற புத்தகத்தைத்தான் பெரிய புத்தகம் என்கிறோம். இங்கிலீஷில் கிளாசிக் என்பார்கள். பாட்டி படித்தாலும் பேத்தி படித்தாலும் இரண்டு பேருக்கும் அதில் பேச ஏதாவது இருக்கும்.

"அதெல்லாம் வாத்தியார் படிக்கிறது, நமக்கு எதுக்கு மேடம்?" என்று பல குழுக்களில் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தவர்கள் நாம். வில்லுப்பாட்டு கேட்டவர்கள். நல்லதங்காள் கதையையும் அல்லி அரசாணி மாலையையும் 'பெரிய எழுத்து' புத்தகமாகச் சந்தையில் வாங்கி வந்து, தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, தெரு முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறது. எழுத்து தெரியாத பாட்டிகளுக்கும் அந்தக் கதை மனப்பாடம். பெரிய கதையும் நாமும் ஒன்றும் அன்னியம் இல்லை. நடுவில் கொஞ்ச காலமாகப் பேச்சு விட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7 வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களில் ஏறக்குறைய 73 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மீதிப் பேர் பெரும்பாலும் நம்ம வயசு, நம்மை விட மூத்த வயசு. தெரியும் என்று சொல்கிறவர்களிலும் பலருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். மற்ற மாவட்டங்களிலும் அறிவொளி நடந்தது. அப்போது படித்த அக்காமார்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். ஆனால் "அப்ப படிச்சேன், இப்ப மறந்து போச்சு" என்கிறார்கள். காரணம் ஒன்றுதான். படித்த பிறகு கையில் எடுத்துப் படிக்க ஒன்றும் இல்லை. பூட்டி வைத்த அரிவாள் துருப்பிடிக்கிற மாதிரி எழுத்தும் போய் விடுகிறது.

ஆகவே முறை இதுதான். ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்பதும் படிப்புதான். கருத்துச் சொல்ல எழுத்து தெரிய வேண்டியதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தாமே ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். சொல்லத் தெரிந்த ஒருத்தியும் எழுதத் தெரிந்த ஒருத்தியும் பக்கத்தில் உட்கார்ந்ததில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. நம் குழுவிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்தானே?

சிலப்பதிகாரம்: ஒரு குழுவில் நடந்த பேச்சு

சிலப்பதிகாரத்தை இளங்கோவடிகள் எழுதினார். புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம், 30 காதை. ஓலைச்சுவடியில் இருந்ததைத் தேடி எடுத்துச் சரிபார்த்து 1892-ல் அச்சுப் புத்தகமாகக் கொண்டு வந்தவர் உ.வே. சாமிநாதையர். மூலப் பாட்டு நமக்குச் சுலபமாகப் புரியாது. உரைநடையில் கதையாக எழுதிய புத்தகங்கள் கிடைக்கின்றன. அதில் ஒன்றைத்தான் இந்தக் குழுவில் ஐந்து வாரம் படித்தார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். கோவலன் மாதவியிடம் போய்ச் சொத்தை எல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். கண்ணகி தன் காற்சிலம்பு இருக்கிறது என்கிறாள். அந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் வியாபாரம் செய்து இழந்ததைச் சம்பாதிக்கலாம் என்று அவன் புறப்படுகிறான். 'முதல்' என்று படித்தவுடனே கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அட, இது நம்ம கதை மாதிரி இருக்கே!" என்றார் ஊக்குநர். வியாபாரத்துக்கு முதல் போடுவதுதானே நாம் வாராவாரம் பேசுவது.

அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

"சிலம்பு அவளோடது. விக்கப் போனது அவன் மட்டும். ஏன், அவளையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா தட்டான் இப்படி ஏமாத்தியிருப்பானா?" என்றார் ஒருவர்.

"தெரியாத ஊரு, தெரியாத ஆளு. எங்க வாங்கின நகைன்னு கேட்டா காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. நாம நகையை அடகு வைக்கிறப்ப ரசீதைப் பத்திரமா வைக்கணும்னு இதுக்குத்தான் சொல்றது" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிப்போடு போகவில்லை.

வயதான ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: "ராசா தட்டான் சொன்னதைக் கேட்டு, கையில சிலம்பு இருந்தா வெட்டுங்கன்னு சொல்லிட்டான். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டானா? நம்ம ஊரு பஞ்சாயத்துலயும் பெரிய மனுஷன் சொன்னா, எதிராளியைக் கேக்காமத்தான தீர்ப்பு சொல்றாங்க?"

இளவயது உறுப்பினர் ஒருவருக்கு வேறு கருத்து. "கண்ணகி நியாயம் கேட்டது சரி. அரசன் முன்னாடி தனியா நின்னு, சிலம்பை உடைச்சு, அரசியோடதுல முத்து, என்னோடதுல மாணிக்கம்னு காட்டினாளே, அதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா மதுரையை ஏன் எரிச்சா? வயசானவங்களையும் குழந்தைகளையும் விட்டுடச் சொன்னாலும், மத்த சனம் என்ன பாவம் பண்ணுச்சு? தப்பு செஞ்சது ராசாவும் தட்டானும்தான?"

அதற்கு இன்னொருவர், "அநியாயம் நடக்கறப்ப வேடிக்கை பார்த்த சனம்தானே" என்றார். அன்று அந்தப் பேச்சு முடியவே இல்லை. அடுத்த வாரம் தொடர்ந்தது. மாதவி நல்லவளா கெட்டவளா என்று அதற்கடுத்த வாரம். மதுரையில் யாரும் தெரியாத கண்ணகிக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த இடையர் குலத்து மாதரியைப் பற்றி ஒரு அக்கா, "கதையில எனக்குப் பிடிச்ச ஆளு அவதான். யாரும் அவளைப் பத்திப் பேச மாட்டேங்கிறாங்க" என்றார். நானும் கல்லூரியில் சிலப்பதிகாரம் படித்தவள்தான். மாதரியைப் பற்றி ஒரு வகுப்பிலும் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ரசீது பேச்சு என்ன ஆனது? மூன்றாவது வாரம், யார் யார் நகை எங்கே அடகில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, சீட்டு யாரிடம் இருக்கிறது என்று அவர்களே பேசினார்கள். தன் நகை எப்போது மீட்க வேண்டிய கெடு என்றே தெரியாதவர்கள் இருந்தார்கள். இனி நகை அடகு வைத்தால் தன் பெயரில் வைப்பது, சீட்டைத் தானே வைத்துக் கொள்வது, கெடு தேதியைக் குழு நோட்டில் குறிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பயிற்சி நடத்தி நாங்கள் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். கண்ணகி சொன்னதால் செய்தார்கள்.

நல்லதங்காள்: கண்ணீர் மட்டும் போதாது

இன்னொரு குழுவில் நல்லதங்காள் கதை படித்தார்கள். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். அவமானம் தாங்காமல் பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாள். இந்தக் கதையைக் கேட்டு அழாத பெண் நம் ஊர்ப் பக்கம் இல்லை. அன்றும் அழுதார்கள்.

வழக்கமாக இந்தக் கதையில் அண்ணியைத் திட்டிவிட்டு எழுந்து போவோம். அன்று பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஊருல அண்ணியைத் தவிர வேற வீடே இல்லையா? ஒரு பொம்பளை ஏழு பிள்ளையோட பசியில நடந்து போறா. யாரும் பாக்கலையா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "வாழ்ந்து கெட்டவ வாய் திறந்து கேக்க மாட்டா. மானம் தடுக்கும்" என்றார். இன்னொருவர், "இப்ப நம்ம தெருவுல ஒரு நல்லதங்கா இருந்தா நமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அந்தக் கூட்டம் முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் மட்டும் எழுந்திருக்கவில்லை. குழுக் கடன் போக, வீட்டுக்குத் தெரியாமல் மூன்று கம்பெனிகளில் வாரக் கடன் வாங்கியிருப்பதாகவும், ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போய்க்கொண்டிருப்பதாகவும், வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்து பேசுவதைத் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். எட்டு மாதமாகக் குழுவில் தவறாமல் சேமிப்புக் கட்டி வந்தவர் அவர். பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

குழு என்ன செய்தது? மூன்று கடனுக்கும் அட்டையை வாங்கி மொத்தம் எவ்வளவு பாக்கி என்று முதலில் கணக்குப் போட்டார்கள். வட்டி அதிகமாக இருந்த ஒன்றை அடைக்கக் குழுவின் சொந்த நிதியில் இருந்து உள்கடன் கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் தவணை கேட்க இரண்டு பேர் கூடவே போனார்கள். வீட்டுக்காரரிடம் பேச ஊக்குநர் போனார். கடன் ஒரே நாளில் தீரவில்லை. ஆனால் அவர் தனியாக இல்லை.

இதைப் படிக்கிற யாருக்காவது அப்படிப்பட்ட நெருக்கடி இருந்தால், மனசுக்குள் வைத்துக் கொள்ளாதீர்கள். குழுவில் நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும், மனக் கஷ்டத்துக்கு ஆலோசனை தரும் 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம்.

பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசலாமா?

இந்தக் கேள்வி திருக்குறள் படிக்கும்போது கண்டிப்பாக வரும். திருக்குறளில் 133 அதிகாரம், 1330 குறள். நமக்கு ரொம்ப உதவுகிற இடங்கள் நிறைய. 478-வது குறளைப் பாருங்கள். வரவு சின்னதாக இருந்தாலும் கேடு இல்லை, செலவு அதைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்கிறார். நம் வரவு செலவுப் பயிற்சியில் முதல் நாள் சொல்வதும் இதேதான். 104-வது அதிகாரம் முழுக்க உழவைப் பற்றியது. களை எடுத்த கை, ஏர் பிடித்த வீடு, எல்லாருக்கும் அதில் பேச விஷயம் உண்டு.

ஆனால் 91-வது அதிகாரத்தின் பெயர் 'பெண்வழிச் சேறல்'. மனைவி சொல்படி நடக்கிற ஆணைக் குறைத்துப் பேசுகிறது. இதைப் படித்ததும் ஒரு குழுவில், "என் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டதாலதான் இன்னிக்கு மாடு ரெண்டு நிக்குது. வள்ளுவர் வந்தா நான் சொல்லுவேன்" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பு என்ன? பெண்ணைப் பற்றி வள்ளுவர் சொன்ன சில இடங்களைப் பெரியார் வெளிப்படையாகவே விமர்சித்து எழுதியிருக்கிறார். வேறு சிலர், அது ஆசைக்கு அடிமையாகிக் கடமையை விடுகிற ஆணைப் பற்றித்தான் சொல்கிறது என்று பொருள் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு நம் முடிவுக்கு நாம் வரலாம். மரியாதை வேறு, மறுபேச்சே பேசாமல் இருப்பது வேறு. ஒரு புத்தகத்தில் பத்து இடம் பிடித்து இரண்டு இடம் பிடிக்காமல் போகலாம். அதைக் காரணத்தோடு சொல்வதுதான் கருத்து.

காரணத்தோடு பேசிப் பழகுவது வீணாகப் போகாது. கிராம சபையில் எழுந்து, "தெரு விளக்குக்கு ஒதுக்கின பணம் என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டிய வாய் இதே வாய்தானே.

குழுவில் நடத்துவது எப்படி?

1. கூட்டத்தின் கணக்கு வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும். சேமிப்பும் கடனும் பாதியில் நிற்கக் கூடாது. 20 நிமிடம் போதும். 10 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் பேச்சு.

2. படிப்பவரை முறை வைத்து மாற்றுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் ஒரு பத்தியாவது கொடுங்கள். மறந்து போன எழுத்து திரும்பி வருவது இப்படித்தான். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளையும் படிக்கக் கூப்பிடலாம்.

3. படித்து முடித்ததும் நாலே கேள்வி. கதையில் என்ன நடந்தது? உங்களுக்கு யாரைப் பிடித்தது, ஏன்? எந்த இடத்தில் உங்களுக்குச் சம்மதம் இல்லை? நம் ஊரில் இப்படி நடக்குமா?

4. எல்லாரும் ஒரு முறை பேசிய பிறகுதான் யாரும் இரண்டாம் முறை பேசலாம். எப்போதும் பேசுகிறவர்களே பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக் கொள்வார்கள்.

5. தப்பாகப் படித்தாலோ, மாற்றிப் புரிந்துகொண்டாலோ சிரிக்கக் கூடாது. ஒருமுறை சிரித்தால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

6. கதையைப் பேசும்போது சொந்தக் கதை வரத்தான் செய்யும். குழுவில் சொன்னது குழுவோடு இருக்க வேண்டும். தெருவுக்குப் போனால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

7. ஒரு நோட்டில் தேதி, புத்தகத்தின் பெயர், இரண்டு மூன்று கருத்துகள் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எந்தப் புத்தகங்களில் தொடங்கலாம்?

சிறுகதை நல்லது. ஒரே கூட்டத்தில் முடிந்து விடும்.

புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசனம்'. ராமன் கால் பட்டுக் கல்லில் இருந்து பெண்ணான அகலிகை, சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் என்ன ஆகிறாள் என்பது கதை. முடிவை நான் சொல்லவில்லை, நீங்களே படியுங்கள். இரண்டு வாரம் பேச்சு ஓடும். அவருடைய 'பொன்னகரம்' நாலைந்து பக்கம்தான். மில்லில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் வறுமைக் கதை. பெரியவர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் படியுங்கள்.

கு. அழகிரிசாமி எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்கு முதல் நாள் ஓர் ஏழைத் தாயின் வீட்டுக்கு ஓர் அனாதைப் பையன் வருகிறான். தன் பிள்ளைகளுக்கே பத்தாத வீட்டில் அவனுக்கு என்ன கிடைத்தது என்பது கதை.

நாவல் என்றால் ராஜம் கிருஷ்ணன். ஊர் ஊராகப் போய், வேலை செய்கிற ஜனங்களோடு பழகி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்', தஞ்சைப் பகுதி விவசாயக் கூலிகளைப் பற்றிச் 'சேற்றில் மனிதர்கள்'. வாரம் ஓர் அத்தியாயம் படிக்கலாம்.

பாமா எழுதிய 'கருக்கு' 1992-ல் வந்தது. ஒரு தலித் பெண்ணின் சொந்த வாழ்க்கை. கிராமத்துப் பேச்சிலேயே எழுதியிருப்பதால் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சாதியைப் பற்றிக் குழுவில் பேசத் தயங்குகிறவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒரு வழி.

இன்னும் பழசு வேண்டுமா? தமிழின் முதல் நாவல் 1879-ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதியது. அதில் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

காசு போட்டு வாங்க வேண்டும் என்று இல்லை. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறார்கள். நூலகம் நம் பணத்தில் நடப்பது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அதற்கும் முன்னால், 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். புத்தகம் நம் ஊரைத் தேடி வருவது புதுசு இல்லை.

கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகம் பக்கத்தில் இருந்தால், குழுவில் ஒருவர் உறுப்பினர் ஆனாலும் போதும். அவர் எடுத்து வரும் புத்தகத்தை எல்லாரும் கேட்கலாம். 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். சில ஊர்களில் நன்றாக நடக்கிறது, சில ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது. உங்கள் ஊரில் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். திறந்து வைக்கும் பொறுப்பைக் குழுவே கேட்டுப் பார்க்கலாம்.

போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் தமிழ் இணையக் கல்விக் கழகம், மதுரைத் திட்டம் ஆகிய இணையப் பக்கங்களில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் கல்கியும் புதுமைப்பித்தனும் மலிவுப் பதிப்பிலும் கிடைக்கிறார்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"நேரம் எங்கே இருக்கு?" - வாரத்துக்கு 20 நிமிடம். சீரியல் ஒரு நாளைக்கு அதைவிட அதிகம் ஓடுகிறது. சீரியல் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் இதே நாலு கேள்வி போட்டுப் பேசிப் பாருங்கள்.

"பொன்னியின் செல்வன் சினிமா பார்த்தாச்சே, புத்தகம் எதுக்கு?" - கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் எழுதினார், ஐந்து பாகம். 2022, 2023-ல் வந்த படங்கள் இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம் இருக்கும். எவ்வளவு விட்டுப் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். படகோட்டும் பூங்குழலியைப் புத்தகத்தில் சந்தியுங்கள்.

"வீட்டில் திட்டுவார்களே?" - ஒரு குழுவில் படித்த கதையை வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னோம். இரண்டு மாதத்தில், "இந்த வாரம் என்ன கதை?" என்று மாமியாரே கேட்க ஆரம்பித்தாராம்.

"புரியவில்லை என்றால்?" - புரியவில்லை என்று சொல்வதும் ஒரு கருத்துதான். அடுத்தவருக்குப் புரிந்திருக்கும். யாருக்கும் புரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு எடுங்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்ப எடுக்கலாம்.

எங்களுக்கு எழுதுங்கள்

அடுத்த இதழில் இருந்து உங்கள் கருத்துகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்று கூட்டமைப்புச் செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறார்கள். குழுவின் பெயர், இப்போது படிக்கும் புத்தகம், அதைப் பற்றி நாலு வரி, இது போதும். பிடித்திருந்தால் ஏன் என்று எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் ஏன் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதி, மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்பலாம். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்.

சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் இரண்டையும் போடுவோம்.